முறத்தில் கிடந்த கால்

இழவு வீட்டில் கை தட்டியவன் நான். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அதற்காக அன்றும் வெட்கப்படவில்லை, இன்றும் வெட்கப்படுவதாக இல்லை. முழுக்கதையையும் கேட்டால் நீங்களும் தட்டுவீர்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. வாணியம்பாடியில் எங்கள் குடும்பத்துக்குத் தோல் பதனிடும் தொழில். நானோ கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து ஆட்டுத் தோலுக்கும் மாட்டுத் தோலுக்கும் நடுவிலேயே உருண்டவன், மிருகத்தைப் பற்றிப் படிக்கச் சம்பளம் கட்டுகிறானே என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எங்கள் டேனரிக்கு வந்து சேரும்போது எந்த மிருகத்துக்கும் தலை இருக்காது, கால் இருக்காது, எலும்பு இருக்காது. மேல்சட்டையை மட்டும் பார்த்துவிட்டு ஆளைத் தெரியும் என்று சொல்வது எப்படி? உள்ளே என்னதான் இருந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் நான் கல்லூரிக்கே போனேன்.

அங்கே தவளையை அறுக்கவிட்டார்கள், ஒரு முயலைக் காட்டினார்கள், மற்றதெல்லாம் படம்தான். அதில் ஒரு பக்கத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். மனிதனின் கை, வௌவாலின் இறக்கை, திமிங்கலத்தின் துடுப்பு, குதிரையின் முன்னங்கால். நான்கிலும் அதே எலும்புகள், அதே வரிசையில் இருந்தன. ஒன்றில் நீண்டிருக்கும், ஒன்றில் குறுகியிருக்கும், ஒன்றில் ஒட்டிப்போயிருக்கும். ஒரே மூதாதையிடமிருந்து வந்ததால் உண்டான ஒற்றுமை என்று கீழே போட்டிருந்தது. நெட்டுருப் போட்டுப் பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். நம்பினாயா என்று கேட்டால், இல்லை. வாணியம்பாடிக்காரன் திமிங்கலத்தை எங்கே போய்ப் பார்ப்பது?

அந்த வருடம் டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவனை என் தகப்பனார் சும்மா விடவில்லை. தோல் பதனிடக் கடுக்காய் வேண்டும். அது ஜவ்வாது மலையில் காய்க்கிறது. ஒவ்வொரு வருடமும் யாராவது மேலே போய், ஊர் ஊராகச் சொல்லி, காயைப் பொறுக்கி உலர்த்தி ஜமுனாமரத்தூர் சந்தைக்குக் கொண்டுவரும்படி ஏற்பாடு செய்துவிட்டு வருவார்கள். அந்த முறை என்னைத் துரத்தினார். மலைக்காற்றும் மிளகாய் போட்ட களியும் எனக்குப் பிடிக்கும் என்பதால் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பினேன்.

ஜமுனாமரத்தூரிலிருந்து காட்டுப் பாதையில் நடந்து முதல் ஊருக்குள் நுழையும்போதே ஒப்பாரி கேட்டது. கடைசி வீட்டுக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. ஊருக்குத் தலைமையான கவுண்டர் என்னைக் கண்டு எழுந்து வந்தார். எங்கள் குடும்பத்தோடு பழக்கம் உள்ளவர்.

"இன்னா சின்ன பாய், இந்த நேரத்துல வந்து மாட்டிக்கினீங்க. இந்த வூட்டு ஆம்பள செத்துட்டான்."

"எப்படிங்க?"

"எப்படின்னு யாருக்குத் தெரியும்? காலு மட்டும்தான் கெடச்சுது."

நடந்ததை அவர்தான் சொன்னார். அந்த வீட்டுக்காரருக்கும் மனைவிக்கும் ஒருநாள் காலையில் சண்டை. களியில் உப்பில்லை என்று ஆரம்பித்தது எங்கெங்கோ போய், கடைசியில் அவள் "போய்த் தொலை" என்று சொல்லிவிட்டாள். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போனவர்தான், ஆளைக் காணவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் தேடினார்கள். முந்தின நாள் கடுக்காய் பொறுக்கப் போன அவருடைய தம்பி, ஓடைக்கரைப் பாறை இடுக்கில் ஒரு காலைப் பார்த்திருக்கிறான். துண்டில் சுற்றி எடுத்து வந்துவிட்டான். இனி ஆகவேண்டியது சடங்கு. பொழுது சாய்வதற்குள் அவளை ஓடைக்குக் கூட்டிப்போய்த் தாலியைக் கழற்ற வேண்டும். அதுதான் அந்த ஊர் வழக்கம். பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு தயாராக நின்றார்கள்.

அவள் என் அக்கா வயதுக்காரிதான். வாசலில் ஒரு முறத்தில் அந்தக் காலை வைத்திருந்தார்கள். அவளே கழுவி மஞ்சள் பூசியிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து அழக்கூட இல்லை. சுற்றியிருந்தவர்கள்தான் அழுதார்கள். அவள் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் போய்த் தொலைன்னேன். நான் சொல்லித்தான் போனாரு. என் வாயிதான் அவர முழுங்கிச்சு."

வந்த வழியே திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் கவுண்டர் என் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். துக்கத்துக்கு வந்தவன் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

பார்த்தேன். மனிதனின் கால். எனக்கு அதில் துளி சந்தேகமும் வரவில்லை. தோல் இல்லை, நகம் இல்லை. சதையை எறும்பு தின்றது போக, காய்ந்த நரம்பு எலும்புகளைப் பிடித்து வைத்திருந்தது. குதிகால், கணுக்கால், ஐந்து விரல்கள். கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குக் கெண்டைக்கால் எலும்பும் ஒட்டிக்கொண்டிருந்தது. வளர்ந்த ஒரு ஆளின் கால் அளவே இருந்தது. கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

எங்கே அழுதுவிடுவேனோ என்று பயம். வியாபாரத்துக்கு வந்தவன் அங்கே உட்கார்ந்து அழுதால் நன்றாகவா இருக்கும்? மனத்தைத் திருப்புவதற்காக, பரீட்சை ஹாலில் உட்கார்ந்ததைப் போல, அந்தக் காலின் எலும்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பார்த்தேன். குதிகால் எலும்பு இருக்கிறது. அதன் மேல் உட்காரும் கணு எலும்பு இருக்கிறது. முன்னால் சின்னச் சின்னக் கூழாங்கல் எலும்புகள். பாதத்தின் ஐந்து நீள எலும்புகள். மேலே கெட்டியான முன்காலெலும்பு, அதன் பக்கத்தில் ஒல்லியான துணையெலும்பு. எல்லாம் சரி. பாதத்தில் ஒரு விரல் மட்டும் மற்றதைவிடத் தடித்திருந்தது. கட்டை விரல். அதுவும் சரி.

சரியா?

தடித்த விரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று மறுபடி பார்த்தேன். ஒல்லி எலும்பின் பக்கம் இருந்தது. சட்டென்று என் வேட்டியை ஒதுக்கி என் கணுக்காலைத் தடவினேன். ஒல்லி எலும்பு வெளிப்பக்கம். கட்டை விரல் உள்பக்கம். அடுத்த காலையும் தடவினேன். அங்கும் அப்படித்தான். முறத்தில் கிடந்த காலில் மட்டும் ஒல்லி எலும்பும் தடித்த விரலும் ஒரே பக்கத்தில் இருந்தன. அப்படியென்றால் இந்தக் காலுக்குப் பெரிய விரல் வெளியே, சின்ன விரல் உள்ளே. உலகத்தில் எந்த மனிதனுக்கும் அப்படி இருக்காது!

யாருக்கு இருக்கும்? ஐந்து விரலையும் குதிகாலையும் தரையில் பதித்து நம்மைப்போல் நடக்கிற ஜாதி, இந்தக் காட்டில், இந்த அளவில்? என் சித்தப்பா கடையில் கரடித் தோல் தொங்கும். தாயத்துக்கு நகமும் முடியும் வேண்டும் என்பதால், நகம் தோலோடேயே வரும்படி விரல் நுனிவரை உரித்து எடுப்பார்கள். நகமெல்லாம் தோலோடு போய்விட்டால் மிச்சம் என்ன? இதுதான்! இதேதான்!

அப்போதுதான் கை தட்டினேன். தட்டியது மட்டுமில்லை. எழுந்து நின்று, "கரடி! கரடி!" என்று கத்தினேன். ஒப்பாரி நின்றுபோயிற்று. கூட்டத்தில் பாதிப் பேர் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவரின் தம்பி மட்டும் என்னையே பார்த்தான். பாய்ந்து வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"யோவ் பாய், எங்க அண்ணன் காலப் பாத்து சிரிக்கிறியா நீ?"

"உங்க அண்ணன் கால் இல்லய்யா அது! கரடி கால்! சட்டைய விடு, காட்றேன்!"

"பைத்தியமா உனக்கு? கண்ணு தெரீல?"

எனக்கும் கோபம் வந்தது. நல்ல சேதி சொல்கிறவனை அடிக்க வந்தால் யாருக்குத்தான் வராது? கவுண்டர் நடுவில் புகுந்து பிரித்துவிட்டார். பெரிய விரல் வெளியே இருக்கிறது என்று நான் மூச்சு வாங்கச் சொன்னதை நிதானமாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கேள்வி போட்டார் பாருங்கள்.

"நீங்க எடது காலுன்னு நெனச்சிக்கினு சொல்றீங்க. அது வலது காலா இருந்தா? பெரிய வெரலு உள்ளதான இருக்கும்?"

அருமையான கேள்வி. என் பேராசிரியர்கூட என்னை அப்படி மடக்கியதில்லை. எனக்கு உற்சாகம் இன்னும் தலைக்கேறியது.

"அதுக்குத்தாங்க மேல ஒட்டியிருக்கிற எலும்பு! எல்லாரும் உங்க கணுக்காலத் தொட்டுப் பாருங்க. மேல தடவிக்கிட்டே போங்க. உள்பக்கம் கெட்டி எலும்பு, வெளிப்பக்கம் ஒல்லி எலும்பு. வலது கால்லயும் அப்படித்தான், இடது கால்லயும் அப்படித்தான். பெரிய விரல் கெட்டி எலும்புப் பக்கம்தான் இருக்கணும். இங்க பாருங்க, எந்தப் பக்கம் இருக்கு?"

ஊரே குனிந்து காலைத் தடவியது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் தடவினார்கள். என் சட்டையைப் பிடித்த தம்பியும் ஒரு காலைத் தூக்கி, விழாமலிருக்க என் தோளையே பிடித்துக்கொண்டு தடவிப் பார்த்தான். பிறகு முறத்தருகே மண்டி போட்டு உட்கார்ந்தான். பார்த்தான். மறுபடி தன் காலைத் தடவினான். மறுபடி முறத்தைப் பார்த்தான்.

"மாத்தித்தான் இருக்குது" என்றான்.

அப்போதுதான் கவுண்டருக்கு ஞாபகம் வந்தது. சில நாட்களுக்கு முன் கீழேயிருந்து வேட்டைக்காரர்கள் ஜீப்பில் வந்தார்கள், ஓடைப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, தோலை உரித்து எடுத்துப் போயிருப்பார்கள் என்றார். உங்களுக்கு ஒன்று தோன்றலாம். மலையில் பிறந்தவர்களுக்குக் கரடிக் கால் தெரியாதா? தெரியாது. அந்த ஊரில் கரடியைக் கொல்ல மாட்டார்கள். செத்துக் கிடந்தாலும் தொடாமல் ஒதுங்கிப் போவார்கள். பெரியவர்கள் காலத்திலிருந்து வருகிற கட்டுப்பாடு. மயிரும் நகமுமாகத் தூரத்தில் நடக்கும் கரடியைத் தெரியும். தோலுக்குள் அது யார் என்பதை அவர்களும் என்னைப்போலவே அன்றுதான் பார்த்தார்கள்.

அந்தக் கட்டுப்பாடே அடுத்த வம்பாகிவிட்டது. ஒரு கிழவர் ஆரம்பித்தார். செத்த கரடியைத் தொட்டாயிற்று, வீட்டு வாசலில் வைத்தாயிற்று, மஞ்சள் பூசி அழுதும் ஆயிற்று, இனி ஊருக்கு என்ன ஆகுமோ என்றார். முகங்கள் மறுபடி இருண்டன. அவள் முறத்தை விட்டு இன்னும் நகரவில்லை. நான் சொன்னதை நம்பினாளா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை. முறத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"கரடின்னா, எதுக்கு மனுஷங் காலு மாதிரி இருக்குது?"

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும்! எத்தனையோ முறை எழுதி மார்க் வாங்கிய பதில். ஆனால் அந்த நிமிஷம்வரை அதன் அர்த்தம் எனக்கு உறைக்கவே இல்லை. திமிங்கலமும் வௌவாலும் என்னை நம்பவைக்கவில்லை. ஒரு பெண் தன் புருஷனுடையது என்று கழுவி மஞ்சள் பூசிய கால் நம்பவைத்தது. கட்டிய மனைவிக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் அந்த ஒற்றுமை எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும்! உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"அக்கா, நம்ம கால்ல இருக்கிற குதிகால் எலும்பு இதுல இருக்கு. நம்ம கணு எலும்பு இதுல இருக்கு. அஞ்சு விரலுக்கு அஞ்சு விரல். யாரோ பார்த்து நகல் எடுத்தது இல்ல. நமக்கும் கரடிக்கும் ஒரே பூட்டன். கணக்கே இல்லாத காலத்துக்கு முன்னால ஒரே வம்சமா இருந்து, அப்புறம் பிரிஞ்சு போச்சு. அது காட்டுல மண்ணத் தோண்டிச்சு, நாம நிமிர்ந்து நடந்தோம். காலு கொஞ்சம் கொஞ்சமா மாறிச்சு. ஆனா பூட்டன் கொடுத்த எலும்ப ரெண்டு பேருமே விடல."

நான் உளறிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம். கவுண்டர்தான் மெதுவாகக் கேட்டார்.

"பாய், அப்ப பங்காளின்றீங்க?"

அவர் அந்த வார்த்தையைச் சொன்னதும் நான் துள்ளிவிட்டேன். கல்லூரியில் ஒருவருக்கும் கிடைக்காத வார்த்தை!

"ஆமாங்க! பங்காளிதான்! ரொம்ப தூரத்துப் பங்காளி!"

"தூரம் இன்னா, கிட்ட இன்னா. பங்காளின்னா பங்காளிதான்." அவர் கிழவர் பக்கம் திரும்பினார். "தொடக்கூடாதுன்றது அந்நியம்னு நெனச்சிக்கினுதான? பங்காளி சாவுல தொட்டா குத்தம் இல்ல. தொடலன்னாதான் குத்தம். எல்லாருக்கும் தீட்டு உண்டு. மண்ணு போட்டுட்டுத் தலைக்குத் தண்ணி ஊத்திக்கினா முடிஞ்சுது."

கிழவர் யோசித்தார். அவருக்கும் அது சரியாகப் பட்டது போலிருக்கிறது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக எழுந்தார். சற்றுமுன் என்னை அடிக்க வந்த தம்பி முறத்தைத் தூக்கிக்கொண்டான். ஓடைக்கரை மரத்தடியில் குழி தோண்டிக் காலைப் புதைத்தார்கள். நானும் எங்கள் வழக்கப்படி மூன்று கைப்பிடி மண் போட்டேன். பிறகு அந்த மார்கழிக் குளிரில், பங்காளி முறைக்கு, ஊரே ஓடையில் தலை முழுகியது. என்னையும் விடவில்லை. "நீங்கதான பங்காளின்னு சொன்னீங்க" என்று இழுத்துத் தள்ளினார்கள். பல் கிட்டித்தது. அப்படியொரு சந்தோஷம் என் வாழ்நாளில் எனக்கு அதிகம் வாய்த்ததில்லை.

அவளுடைய தாலியை யாரும் தொடவில்லை.

ஈரத்தோடு நான் வெயிலில் நின்றுகொண்டிருந்தபோது அவள் வந்தாள். அவளும் முழுகியிருந்தாள். முகத்தில் மஞ்சள் கரைந்திருந்தது. என் முன்னால் நின்று கேட்டாள்.

"அப்ப என் வூட்டுக்காரரு உசிரோட இருக்காருங்களா?"

அதுவரை துள்ளிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ஆமாம் என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. ஊரே என்னை நம்பிக்கொண்டிருந்த நேரம், அதையும் நம்பியிருப்பார்கள். ஆனால் அந்தக் காலில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

"தெரியாதுக்கா. இது அவர் இல்லங்கிறது மட்டும்தான் எனக்குத் தெரியும்."

அவள் தாலியை எடுத்துச் சேலைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அது போதும்" என்றாள். "நான் சொன்ன வார்த்தைய நான் திருப்பி எடுத்துக்கலாம் இல்ல? அதுக்கு ஒரு வழி இருந்தா போதும்."

நான் கல்லூரிக்குத் திரும்பினேன். பேராசிரியரிடம் முழுக்கதையையும் சொன்னேன். பங்காளி என்ற இடத்தில் அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாடப்புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்தால் திமிங்கலமும் வௌவாலும் இப்போது எனக்கு உறவுக்காரர்களாகத் தெரிந்தார்கள். ஆனால் வேறு ஒரு பயமும் கூடவே இருந்தது. கரடிக்காலைக் கண்டுபிடித்தேன், சரி. நாளைக்கே வேறு எங்காவது அந்த மனிதரின் உண்மையான கால் கிடைத்துவிட்டால்? அவளை நான் இரண்டாம் தடவை இழவில் உட்காரவைத்தவன் ஆகிவிட மாட்டேனா? பரீட்சைக்குப் படிக்கும்போதும் இதே நினைப்பு.

கோடை விடுமுறை விட்டதும் தகப்பனார் சொல்வதற்கு முன்பே மேலே கிளம்பிவிட்டேன். "கடுக்காய்க் காலமே முடிஞ்சு போச்சு, இப்ப எதுக்குடா?" என்று அவர் கத்தியது தெருமுனை வரை கேட்டது. ஜமுனாமரத்தூரில் அன்று சந்தை. சாமையும் பலாப்பழமும் புளியும் குவிந்து கிடந்தன. ஊருக்கு நடக்கப் போகிறவனுக்குச் சந்தையில் என்ன வேலை? யாரிடமாவது கேட்டுவிட்டால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஆனால் கேட்க வாய் வரவில்லை. புளி மூட்டைகளுக்கு நடுவே சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன்.

"சின்ன பாய்!"

திரும்பினேன். அவள்தான், தலையில் பலாப்பழத்தோடு. பின்னால், துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர், யாரோ திட்டிக் கூட்டிவந்ததுபோல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனவர், பங்குனியில்தான் திரும்பினாராம். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் அவள் பழத்தை இறக்கி வைத்தாள். அவர் முதுகில் கை வைத்து என் எதிரே தள்ளிவிட்டாள்.

"இவருதாங்க" என்றாள்.